செம்பரம்பாக்கம் ஏரியில் எறிந்த தாலி

வெற்றிலையைத் தண்ணீரில் வீசிவிட்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, "தாயே, அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்" என்று முணுமுணுத்தேன். அடுத்து, கழுத்தில் இருக்கும் புதுக் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். எடுத்தேன். கயிறு இருந்தது. கயிற்றில் மஞ்சள் கிழங்கு இருந்தது. தாலி இல்லை.

சாமியிடம் புருஷனைக் கேட்டுவிட்டு, அவர் கட்டிய தாலியைச் சாமிக்கே அனுப்பிவைத்த பெண்டாட்டி உலகத்தில் நான் ஒருத்திதான் என்று அப்போது நினைத்தேன். அது கொஞ்சம் தலைக்கனம்தான் என்று மூன்று நாள் கழித்துத் தெரிந்தது.

பத்தடி தள்ளி என் மாமியார் புளிச்சோற்றை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "இன்னா லோகு, உட்டாச்சா?" என்று கேட்டாள். விட்டாயிற்று அத்தை என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மை பூசிய கடிதங்கள்

அது ஆடிப் பதினெட்டு. யுத்த காலம். வருஷம் என்னவென்று கேட்காதீர்கள். சீமெண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருஷமெல்லாம் எனக்கு ஒரே வருஷமாகத்தான் நினைவிருக்கிறது.

இந்தத் தொடரை இன்றுதான் எடுத்துப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பிறந்தது பூந்தமல்லி. கட்டிக்கொடுத்தது ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காடு. நிலம் நீச்சு உள்ள குடும்பம். கட்டியவருக்கு லாரி ஓட்டத் தெரியும். அந்த ஒரு குற்றத்துக்காக அவரைப் பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டு பர்மா பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

பர்மா என்பதுகூட எங்கள் ஊகம்தான். கடிதத்தில் ஊர்ப் பெயர் வருகிற இடத்தையெல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் கறுப்பு மை பூசி மறைத்திருப்பான். மிச்சம் இருக்கும் எழுத்தில், இங்கே என்னவோ அதிகம், மற்றபடி நலம் என்று இருக்கும். அதிகமாக இருப்பது மழையா, கொசுவா, குண்டா என்று வீடே உட்கார்ந்து யோசிக்கும். சித்திரைக்குப் பிறகு அந்த மை கூட வரவில்லை.

மகன் போன நாளிலிருந்து அத்தை ஒரு பழக்கம் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் என்னை விளக்குக்கு எதிரே உட்காரவைத்து, என் தாலியை வெளியே எடுத்து, தன் கையாலேயே குங்குமம் வைப்பாள். எங்கள் வகையில் தாலி என்றால் இரண்டு தங்கப் பொட்டு. பிறந்த வீடு போடுவது ஒன்று, புகுந்த வீடு போடுவது ஒன்று. என் அப்பா போட்ட பொட்டுக்கு அவசர அவசரமாக ஒரு தீற்று. தங்கள் வீட்டுப் பொட்டுக்கு நிறுத்தி நிதானமாக வைத்து, "பெருமாளு" என்று மகன் பெயரை ஒரு தடவை சொல்வாள். வாரம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள்.

இப்போது என் நிலைமை புரியும். அன்று ஞாயிறு. வெள்ளிக்கு ஐந்து நாள். அதற்குள் பொட்டு கழுத்துக்குத் திரும்பாவிட்டால் அத்தை திட்டுவாள், அடிப்பாள் என்ற பயமெல்லாம் எனக்கு இல்லை. திட்டு எனக்குப் பழகிப்போன சோறு. மகன் செத்துவிட்டான் என்று முடிவு கட்டிவிடுவாள். அப்படி ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அத்தையைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது.

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று இங்கே எழுத ஆசைதான். அந்த ஐந்து நாளும் எனக்கும் இருந்தது.

பெருக்கில்லாத பெருக்கு

ஆடிப் பெருக்கு என்பது காவிரிக்கரைக்காரர்கள் கண்டுபிடித்த பண்டிகை. அங்கே ஆடியில் தண்ணீர் வரும். நமக்கு ஐப்பசியில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டினால்தான் உண்டு. ஆடியில் செம்பரம்பாக்கம் ஏரி கரையை விட்டுக் கோபித்துக்கொண்டு போனதுபோல எங்கோ தள்ளிக் கிடக்கும். நாங்கள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வண்டலில் கால் புதைய நடந்து போய், முழங்கால் ஆழத் தண்ணீர் ஒன்றைக் கண்டுபிடித்து, பெருக்கே வருக என்று கும்பிடுவோம்.

இதற்கு வீட்டுப் பக்கத்திலேயே பருத்திப்பட்டு ஏரி இருந்தது. நடந்தே போய்வரலாம். ஆனால் அத்தைக்கு அது குட்டை. பெரிய வீட்டுக்காரர்கள் பெரிய ஏரிக்குத்தான் போக வேண்டும் என்பது அவள் கட்சி. ஆகவே விடியும் முன்பே மாட்டுவண்டி கட்டி, பூந்தமல்லி வழியாக எலும்பெல்லாம் கழன்றுபோக வந்து சேர்ந்திருந்தோம்.

கயிறு மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. புதுக் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டி முதலில் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். கழுத்து ஒரு நொடி கூடக் காலியாக இருக்கக் கூடாது. பிறகு பழைய கயிற்றைக் கழற்றி, அதிலிருக்கும் பொட்டுகளை உருவிப் புதுக் கயிற்றில் கோத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வெறும் பழைய கயிற்றைப் பூவோடு வெற்றிலையில் வைத்து, சின்னக் கல்லையும் சேர்த்து மடித்துத் தண்ணீரில் போட வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். நடுவில் உருவிக் கோக்கிற வேலையை மட்டும் விட்டுவிட்டேன்.

ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். இத்தனை வருஷமும் இதற்கு நான் ஒருத்தருக்கும் பதில் சொன்னதில்லை, ஒருத்தியைத் தவிர. இப்போது பத்திரிகையிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடிப் பட்டாள முகாமிலிருந்து வெள்ளைக்காரர்கள் ஏரிக்கு உல்லாசமாகப் பொழுதுபோக்க வருவார்கள். அன்றும் வந்திருந்தார்கள். விரிப்பு, கூடை, கிராமபோன் எல்லாம் இருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரச்சி குளிக்கிற உடுப்பு என்று எதையோ போட்டுக்கொண்டு, முழங்காலுக்கு மேலேயும் கணிசமாகத் தெரியத் தெரியத் தண்ணீருக்குள் ஓடினாள். நான் இன்னும் நன்றாகப் பார்க்கலாமே என்று, பூ வைக்கிற சாக்கில், எங்கள் கூட்டத்தைவிட்டு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போய் நின்றேன். வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் வெற்றிலை. வெற்றிலையில் பொட்டோடு பழைய கயிறு.

"எமகண்டம் பொறக்கப் போவுதுடீ, சீக்கிரம் உடு!" என்று அத்தை பின்னாலிருந்து கத்தினாள். மடித்தேன். வீசினேன். கண் மட்டும் வெள்ளைக்காரச்சியை விட்டு நகரவில்லை.

கன்னியம்மாவின் விசாரணை

திங்கட்கிழமை காலையில், அம்மாவைக் கனவில் பார்த்தேன், உடம்பு சரியில்லைபோல் இருந்தது என்று சொல்லிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பூந்தமல்லிக்குக் கிளம்பினேன். அம்மா கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். அவளிடம் ஏரிக்கரை அம்மனுக்கு வேண்டுதல் என்றேன். செவ்வாயன்று சந்தையிலிருந்து திரும்பும் காலி வண்டியில் ஏறி, ஏரிக்குப் போய்ச் சேர்ந்தேன். போனது கன்னியம்மாவைத் தேடி.

கன்னியம்மாவைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் கிடையாது. நடுத்தர வயசு. விதவை. பட்டணத்தில் நகைப்பட்டறைகள் இருக்கும் தெருவில் சாக்கடை மண்ணை அலசிப் பொன்துகள் எடுப்பவர்கள் உண்டு, அரிப்புக்காரர் என்பார்கள். அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போனபின் ஏரிக்கரையில் இருந்த தன் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். வரும்போது அவள் கொண்டுவந்த சீர்வரிசை ஒரு மரத்தட்டும் ஒரு சல்லடையும்தான்.

ஏரியில் உல்லாசம் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் வீட்டில் பூட்டிவைக்க வேண்டியதையெல்லாம் விரலிலும் காதிலும் மாட்டிக்கொண்டுதான் வருவார்கள். எண்ணெய்க் கையோடு சாப்பிட்டு, அதே கையைத் தண்ணீரில் ஆட்டி ஆட்டிக் கழுவினால் மோதிரம் என்ன பசை போட்டா ஒட்டியிருக்கும்? போனபின் கரையெல்லாம் ஓலம். அப்புறம் கன்னியம்மாவைக் கூப்பிடு.

அவள் உடனே தண்ணீரில் இறங்கமாட்டாள். முதலில் போலீஸ்காரர் தோற்கும்படி ஒரு விசாரணை நடக்கும். எந்தக் கை, எந்த விரல், கடைசியாக என்ன தின்றாய், யாரோடு பேசிக்கொண்டிருந்தாய், அழுதாயா, சிரித்தாயா. முடிந்தபின்தான் தட்டைக் கையில் எடுப்பாள்.

பட்டணத்து வக்கீல் ஒருவர் கதையைப் பூந்தமல்லியில் பச்சைக் குழந்தை கூடச் சொல்லும். கள்ளு ஒழிக என்று மேடை மேடையாக முழங்கியவர். குடும்பத்தோடு ஏரிக்கு வந்தார். போகும்போது கல் வைத்த மோதிரத்தைக் காணோம். ஏரித் தண்ணீர் வழிகிற கலங்கலில் குளிக்கையில் நழுவியது என்று சத்தியம் பண்ணினார். கன்னியம்மா ஒரு பகல் முழுக்கக் கலங்கலை அரித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. சாயங்காலம் அவர் மனைவி அந்தண்டை போன நேரம் பார்த்து, நெருங்கி வந்து, சாமி, எந்தப் பனைமரத்தடி என்று காதோடு கேட்டிருக்கிறாள். வக்கீல் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாவது மரம் என்றார். கள்ளு குடித்த ஓலைப்பட்டையின் மடிப்பில் மோதிரம் இருந்தது. கலங்கலில் கிடைத்தது என்று அவர் மனைவியிடம் கன்னியம்மாவே சொல்லிவிட்டாள்.

ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோதிரம் காணோம் என்று தன் சமையற்காரரை வெயிலில் நிற்கவைத்துச் சோதனை போட்டாராம். கன்னியம்மா போனவுடன் துரையின் பூட்ஸைக் கழற்றச் சொன்னாள். குளிக்கப் போகுமுன் பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே காலுறைக்குள் போட்டு வைத்தது கீழே விழுந்தது. துரை எல்லோருக்கும் நன்றி சொன்னார், சமையற்காரரைத் தவிர.

இவ்வளவு கதையும் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா?

மரியாதையான இடம்

மதகுப் படியில் குளிக்கும்போது கயிறு அறுந்து நழுவிவிட்டது என்று சொன்னேன். குரல் கூட நடுங்கவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கன்னியம்மா என் கழுத்தையே பார்த்தாள். புது மஞ்சள் மினுங்கும் கயிறு, அதில் கிழங்கு. ஒன்றும் கேட்கவில்லை. மதகுப் படிக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மண்ணை அள்ளித் தட்டில் போட்டுச் சுழற்றிச் சுழற்றி ஊற்றினாள். வெயில் சாயும்வரை அதையே செய்தாள். நான் கரையில் உட்கார்ந்து, பொய் சொன்ன இடத்தில் நிஜமான பொட்டு கிடைக்க வேண்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டேன். இரண்டு ஓட்டைக் காசும் ஒரு கொலுசுத் திருகும் கிடைத்தன.

ஐந்து நாளில் இரண்டு போய்விட்டது. அன்று அம்மா வீட்டில் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை காலையில் மறுபடி போனேன். கன்னியம்மா மதகுப் பக்கம் நகரவே இல்லை. கரையில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"தொலைச்ச எடத்த ஒருத்தரும் சொல்றது கெடையாது, பொண்ணே. எங்க தொலைச்சா மரியாதையா இருக்குமோ, அத்த சொல்றாங்க. நானு அவங்க மரியாதையத் தேடிக்கினு தண்ணீல கெடப்பேன்" என்றாள். அப்புறம் சொன்னாள்: "ஆடிப் பதினெட்டு ஆச்சுன்னா வருசா வருசம் எவளாச்சும் ஒருத்தி வந்துடுவா. அத்தினி பேருக்கும் குளிக்கும்போதுதான் நழுவிச்சாம். ஒருத்தியும் நானே வீசிட்டேன்னு சொன்னதில்ல."

என் கதை அங்கேயே கந்தலாகிவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நானே வீசிவிட்டேன் அக்கா, வெள்ளைக்காரச்சி குளிப்பதைப் பார்த்துக்கொண்டே வீசிவிட்டேன் என்று தேம்பினேன். புருஷன் பர்மாவில் என்ன ஆனாரோ தெரியாதபோது எவளோ ஒருத்தியின் முழங்காலைப் பார்த்து நின்றேனே, நான் மனுஷியா என்றும் கேட்டேன்.

கன்னியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"நல்லா இருந்தாளா?"

"இருந்தா அக்கா."

"சரி, வா."

ஞாயிறன்று நின்ற இடத்திலேயே என்னை நிற்கவைத்தாள். நாலு வெற்றிலையில் கல்லும் கயிறும் பூவும் வைத்து என்னையே மடிக்கச் சொன்னாள். அன்றைக்கு வீசியதுபோலவே வீச வேண்டும், கண் கையைப் பார்க்கக் கூடாது என்றாள். வெள்ளைக்காரச்சிக்கு எங்கே போவது என்று கேட்டேன். தூரத்தில் தண்ணீரில் படுத்திருந்த எருமையைக் காட்டினாள். எருமையைப் பார்த்துக்கொண்டே நாலு தடவை வீசினேன். நாலும் விழுந்த இடங்களில் கழியை நட்டு, நடுவில் ஒரு வண்டிச்சக்கர அகலத்துக்கு வட்டம் கிழித்தாள். என் ஜென்மத்தில் நான் அவ்வளவு அக்கறையாக ஒரு எருமையைப் பார்த்தது கிடையாது.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் தட்டின் அடியில் ஒரு மினுக்கு தெரிந்தது. கன்னியம்மா அதைக் கையில் எடுத்து என்னிடம் நீட்டவில்லை. ஒரு வெற்றிலையில் போட்டுத் தரையில் வைத்து, எடுத்துக்கொள் என்றாள். "நான் தொட்டதுன்னு ஊட்ல சொல்லிக்கினு இருக்காதே" என்றும் சொன்னாள். அந்த ஏரியில் எத்தனையோ சுமங்கலிகளின் தாலியைச் சேற்றிலிருந்து மீட்டவள் அவள். அதைக் கையால் கொடுத்தால் மட்டும் தோஷமாம். இந்தச் சட்டத்தை எழுதியவன் சேற்றில் இறங்கியிருக்கமாட்டான்.

எடுத்துப் பார்த்தேன். சின்னப் பொட்டு. என் அப்பா போட்டது.

பெரியது வரவில்லை. பழைய கயிறுதானே, நைந்து பிரிந்து, இரண்டும் இரண்டு பக்கம் போயிருக்கிறது. மூன்று நாளில் எருமைகள் வேறு மிதித்து உழுதிருந்தன. இருட்டும்வரை அரித்தும் பயனில்லை. அத்தை ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்ளும் கனத்த பொட்டு, அந்தக் கனத்தாலேயே ஆழத்துக்குப் போய்விட்டது என்றாள் கன்னியம்மா. தண்ணீர் இன்னும் வற்றட்டும், விடமாட்டேன் என்றாள். கூலி என்று எதுவும் வாங்க மறுத்துவிட்டாள். நான் அம்மா வீட்டிலிருந்து கொண்டுபோன புளிச்சோற்றை மட்டும் சாப்பிட்டாள். உப்பு கம்மி என்றாள்.

வெள்ளிக்கிழமை

வியாழன் சாயங்காலம் சேக்காடு வந்து சேர்ந்தேன். என்னென்னவோ யோசித்துப் பார்த்தேன். அத்தைக்குக் கண் மங்கல், ஒன்றையே இரண்டு தடவை காட்டலாமா என்று கூட யோசித்தேன். பயத்தில் புத்தி எந்த மட்டத்துக்கு இறங்கும் என்பதற்காக இதையும் எழுதிவைக்கிறேன்.

காலையில் விளக்கின் முன் உட்கார்ந்தோம். ஆடி வெள்ளி வேறு. அத்தை குங்குமத்தைத் தொட்டு என் கயிற்றை வெளியே இழுத்தாள். சின்னப் பொட்டுக்கு ஒரு தீற்று. பிறகு விரல் பெரிய பொட்டுக்காக நகர்ந்தது. மஞ்சள் கிழங்கைத் தொட்டது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

அத்தை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ஏரியில் போட்டுவிட்டேன் அத்தை என்று எப்படியோ சொன்னேன். வெள்ளைக்காரச்சியைப் பற்றிச் சொல்லவில்லை. அவ்வளவு உண்மை ஒரே நாளில் வேண்டாம் என்று தோன்றியது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். குங்குமம் தோய்ந்த விரலை அப்படியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. அந்த வாரத்துப் பெயரைச் சொல்ல அவளுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. என் வாழ்நாளில் ஒரு முகத்தை அவ்வளவு பயத்தோடு நான் பார்த்ததில்லை.

பிறகு, பூஜைத் தட்டில் இருந்த ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"என் கழுத்துல கட்டு" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மருமகள் மாமியார் கழுத்தில் கயிறு கட்டுகிற சாஸ்திரத்தை நான் கேள்விப்பட்டதில்லை. கிழங்கைக் கோத்துக் கட்டினேன். கட்டி முடித்ததும் தன் தாலிக் கயிற்றைக் கழற்றினாள். பவழத்தை விலக்கி, இரண்டு பொட்டில் பெரியதை உருவினாள். அவளுக்குக் கல்யாணத்தன்று இந்த வீடு போட்டது, மாமனார் கட்டியது. அதை என் கயிற்றில் கோத்தாள். கண் மங்கலில் மூன்று தடவை தவறியது. கோத்து முடித்து, குங்குமம் வைத்து, "பெருமாளு" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் அத்தை, மாமாவுக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று அழுதேன்.

"அவுரு கண்ணெதிர்ல கீறாரு. அவுருக்கு இன்னாத்துக்கு ரெண்டு?" என்றாள். "தூரத்துல கீறவனுக்குத்தான் வேணும்."

வாசலில் மாட்டுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்த மாமனார், உள்ளே என்ன நடக்கிறது என்று குரல் கொடுத்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள்: "ஒன்னியப் புள்ளைக்குக் குடுத்துட்டேன்யா. இப்ப நானு எங்கப்பன் ஊட்டுப் பொண்ணு. இனிமே கூழு கேக்கறதா இருந்தா பாத்துக் கேளு."

அவர் ஒன்றும் புரியாமல், சரி, கூழைக் கொடு என்றார்.

ஏரி திருப்பிக் கொடுத்தது

புரட்டாசிக் கடைசியில், ஏரி இன்னும் வற்றிய பிறகு, கன்னியம்மா சேக்காட்டுக்கு நடந்தே வந்தாள். செம்பரம்பாக்கத்திலிருந்து சேக்காடு என்ன பக்கமா? வாசலுக்கு வெளியே நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்து, கீழே வைக்க ஒரு இலை கிடைக்குமா என்று கேட்டாள். உள்ளே என் பெரிய பொட்டு.

அத்தை எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வண்டி கட்டிக் கிளம்பும்போது விதவை எதிரே வந்தால் மாட்டை அவிழ்த்துவிட்டு மறுநாள் போகிறவள். அவள் வாசலில் இறங்கி, கன்னியம்மாவின் முன்னால் வெறுங்கையை நீட்டினாள். கன்னியம்மா தயங்கினாள். "குடு" என்றாள் அத்தை. கையிலிருந்து கைக்கு வாங்கிக்கொண்டு, உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். இந்தத் தடவை உப்பைப் பற்றிக் கன்னியம்மா ஒன்றும் சொல்லவில்லை.

நான் என் பொட்டைக் கொடுங்கள், உங்களுடையதைக் கழற்றித் தருகிறேன் என்றேன். அத்தை கேட்கவில்லை. நடுவே கடிதம் ஒன்று வந்திருந்தது, மை பூசித்தான், ஆனாலும் வந்திருந்தது. போட்ட இடத்தில் அது வேலை செய்கிறது, அதை நோண்டாதே என்றாள். ஏரியிலிருந்து வந்த பொட்டைத் தன் கயிற்றில் கோத்துக்கொண்டாள். பெருமாள் வரட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

யுத்தம் முடிந்து அவர் வந்தார். கறுத்து, இளைத்து, எதற்கெடுத்தாலும் சிடுசிடுத்துக்கொண்டு வந்தார். யார் கழுத்தில் யார் பொட்டு என்று கவனிக்கவே இல்லை. ஆண்பிள்ளைகள் தாலி கட்டுவதோடு சரி. நாங்களும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டோம். உள்ளுக்குள் இரண்டு பேருக்குமே தொட பயம் என்பதுதான் நிஜம்.

சுதந்திரத்துக்கு முந்தின வருஷம் மாமனார் போய்ச் சேர்ந்தார். காய்ச்சல், நாலே நாள். பதினாறாம் நாள் செய்கிற சடங்கில் அத்தையைப் பெண்கள் சூழ்ந்து உட்காரவைத்து, தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டார்கள். ஊரே ஓலமிட்டது.

சொம்புக்குள் போனது என் பொட்டு. அதை என் கழுத்தில் கட்டிய மனுஷன் வாசலில் குத்துக்கல்லாக நின்று, பந்தல் கீற்று குறைகிறது என்று யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மாமனார் கட்டியது என் கழுத்தில் இருந்தது. அங்கே இருந்தவர்களில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் அது தெரியாது. சொல்லிவிடலாமா, கழற்றிக் கொடுத்துவிடலாமா என்று கழுத்தில் கையை வைத்தேன்.

அத்தை அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினாள். என் கையை விலக்கி, என் முந்தானையை இழுத்து, கழுத்தை மூடிவிட்டாள்.